மழைத் தாங்கி எத்தனை லீற்றர்? சராசரிக் கணக்கு, கட்டிப்பார்த்தல், போலச்செய்தல்

குடிக்கவும் சமைக்கவும் மழைநீரைச் சேர்ப்பதென்று ஒரு வீட்டில் முடிவெடுத்ததும் வருகிற கேள்வி, தாங்கி எத்தனை லீற்றர் என்பதுதான். சிறிதாக வைத்தால் கோடையில் பவுசர் வரும் வழியைப் பார்த்துக்கொண்டு நிற்கவேண்டும். பெரிதாக வைத்தால் காசு முடங்கும், முற்றத்தில் இடமும் போகும். சீமெந்தில் கட்டிய தாங்கியை அடுத்த வருடம் பெருப்பிக்கவும் முடியாது. இதற்கு விடை காண நான்கைந்து வழிகள் உண்டு. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஒரு வீட்டுக்கோ ஒரு பள்ளிக்கூடத்துக்கோ, பழைய மழைப் பதிவை எடுத்து விரிதாளில் (எக்செல் போன்ற கணினி அட்டவணையில்) நாள் நாளாக ஓடவிட்டுப் பார்க்கும் போலச்செய்தல்தான் நல்ல வழி. சிமுலேசன் என்று எல்லோரும் சொல்வது அதைத்தான். மற்ற வழிகளுக்கும் இடமுண்டு, ஆனால் அவை வேறு கேள்விகளுக்கு உரியவை.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வருடம் முழுவதும் ஓடுகிற ஆறு இல்லை. வழுக்கையாறுகூட மாரியில்தான் ஓடும். நாங்கள் குடிப்பது சுண்ணாம்புக் கல்லுக்குள் தேங்கிய மழைநீரைத்தான். தோட்டப் பகுதிகளில் அந்த நீரில் உரத்தின் நைத்திரேற்று கலந்திருக்கிறது. தீவுப் பகுதிகளிலும் கரையோரங்களிலும் உவர் ஏறுகிறது. தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் வந்துவிட்டது, குழாய் நீரும் பல ஊர்களுக்குப் போகிறது. என்றாலும் கூரையில் விழுகிற நல்ல தண்ணீரைக் கடலுக்கு அனுப்பிவிட்டுக் கோடையில் வெறும் பானையோடு நிற்பதற்கு எந்த நியாயமும் இல்லை. ஆகவே தாங்கியின் அளவு விளையாட்டுக் கேள்வி அல்ல.

முதல் வழி, எல்லோரும் செய்யும் சராசரிக் கணக்கு. ஒரு சதுர மீற்றர் கூரையில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் ஒரு லீற்றர். குடாநாட்டில் வருடத்துக்கு ஏறக்குறைய 1250 மில்லிமீற்றர் மழை. கூரை 60 சதுர மீற்றர் என்றும், வழிந்தும் ஆவியாகியும் போனது போக நூற்றுக்கு எண்பது பங்கு தாங்கிக்கு வரும் என்றும் வைத்தால், வருடத்துக்கு 60,000 லீற்றர். ஐந்து பேர் உள்ள வீட்டில் குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு 8 லீற்றர் என்றால் நாளுக்கு 40 லீற்றர், வருடத்துக்கு 14,600. தேவையைப் போல நான்கு மடங்கு மழை! கணக்கில் பிழை எதுவும் இல்லை. ஆனாலும் இதை நம்பிச் சிறிய தாங்கி வைத்த வீடு ஆடி மாதத்தில் வற்றிப்போகும்.

காரணம், மழை சராசரியாகப் பெய்வதில்லை. பெரும்பங்கு ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரை கொட்டித் தீர்க்கிறது. 2008 நவம்பரில் நிஷா புயல் வந்தபோது யாழ்ப்பாணம் வெள்ளத்தில் நின்றது. அப்படி ஒரு கிழமை அந்த வருடத்தின் மொத்த மழையை உயர்த்திவிடும், சராசரியையும் மேலே தள்ளும். ஆனால் ஏற்கெனவே நிறைந்துவிட்ட தாங்கிக்கு அந்த மழையால் ஒரு சொட்டு லாபமும் இல்லை, எல்லாம் வழிந்து வாய்க்காலுக்குப் போகும். சராசரிக்கு இது தெரியாது. கூரை போதுமா என்று அறிய அந்தக் கணக்கு உதவும். வருட மழையே தேவைக்குக் குறைவென்றால் எவ்வளவு பெரிய தாங்கி வைத்தும் பயனில்லை, அதை ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடும். அதோடு அதன் வேலை முடிந்தது.

இரண்டாவது வழி கட்டிப்பார்ப்பது. அல்லது, ஏற்கெனவே கட்டியவரைப் பார்த்துச் செய்வது. "பக்கத்து வீட்டு அண்ணை ஐயாயிரம் வைச்சிருக்கிறார், அது எங்களுக்கும் காணும்" என்று சொல்லாத ஊர் இல்லை. அண்ணையின் கூரை எவ்வளவு, வீட்டில் எத்தனை பேர், நல்ல தண்ணீர்க் கிணறு கிட்ட இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. அவர் தாங்கி வைத்த பிறகு வந்த வருடங்கள் நல்ல மழை வருடங்களாகவும் இருந்திருக்கலாம். ஒரு தாங்கி ஒரு வருடத்துக்கு ஒரு பாடம்தான் சொல்லும். பத்து வருடத்துப் பாடம் வேண்டுமென்றால் பத்து வருடம் காத்திருக்க வேண்டும்.

ஆனாலும் கட்டிப்பார்த்தவரின் பேச்சில் கணினிக்குள் அகப்படாத விடயங்கள் வரும். பீலியில் வேப்பிலை அடைத்துக்கொள்வது, காகத்தின் எச்சம், முதல் மழையைத் தாங்கிக்குள் விடாமல் வெளியே விடவேண்டிய அவசியம், மூடி சரியில்லாவிட்டால் நுளம்பு பெருகி டெங்குவுக்கு வழியாவது எல்லாம் அவருக்குத் தெரியும். கூரையில் விழுந்ததில் எத்தனை பங்கு உண்மையில் தாங்கிக்குள் போகிறது என்பதையும் அவரிடம்தான் கேட்டறிய முடியும். நான் மேலே எண்பது பங்கு என்று வைத்தேன். பீலி பிரிந்து தொங்குகிற வீட்டில் அது ஐம்பதாகவும் இருக்கலாம். ஆகவே அண்ணையிடம் போங்கள். ஆனால் தாங்கியின் அளவைக் கேட்கப் போகாதீர்கள், பீலியைப் பற்றிக் கேட்கப் போங்கள்.

மூன்றாவது வழி போலச்செய்தல். அதாவது, உண்மைப் பொருளுக்குப் பதிலாக அதன் விதிகளை எழுதி, அந்த விதிகளைக் காலத்தின் வழியே ஓடவிட்டு என்ன நடக்கிறது என்று பார்ப்பது. உண்மையில் செய்து பார்க்க நெடுங்காலம் பிடிக்கும், செலவு கூடும், ஆபத்து உண்டு, அல்லது ஒருமுறை செய்தால் மீட்க முடியாது என்ற நிலைமைகளில் அது பயன்படுகிறது. எட்வின் லிங்க் என்ற அமெரிக்கர் 1929-இல் விமானியைத் தரையிலேயே பழக்கும் பெட்டியைச் செய்தது இந்தக் காரணத்தால்தான். வானத்தில் செய்கிற முதல் பிழையே கடைசிப் பிழையாகிவிடலாம். தாங்கியில் உயிராபத்து இல்லை. நெடுங்காலமும் மீட்க முடியாத செலவும் மட்டும் இருக்கின்றன. அவையே போதும்.

தாங்கிக்குரிய விதி ஒரு வரிக்குள் அடங்கும். நேற்றைய இருப்போடு இன்றைய மழையைக் கூட்டு; தாங்கியின் கொள்ளளவைத் தாண்டினால் மிச்சம் வழிந்துவிட்டது என்று எடு; பிறகு வீட்டில் எடுத்ததைக் கழி; சுழியத்துக்குக் கீழே போகவிடாதே. இதை ஒரு வரிசையில் எழுதி, கீழே இழுத்து 365 வரிசைகளாக்கினால் ஒரு வருடம். உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் படிக்கிற பிள்ளை ஒரு மாலைக்குள் செய்துவிடும். கூட்டலுக்கும் கழித்தலுக்கும் வெளியே தேவைப்படுபவை, இரண்டில் சிறியதை எடுக்கும் கட்டளையும் பெரியதை எடுக்கும் கட்டளையும் மட்டும்தான். விதியில் வழிவதை முதலில் கணக்கிட்டு வீட்டுத் தேவையைப் பிறகு கழித்திருப்பதைக் கவனியுங்கள். மாற்றிச் செய்தால் தாங்கி கொஞ்சம் கூடுதலாகத் தாங்குவதுபோல் காட்டும். தண்ணீர் விடயத்தில் ஏமாற்றம் நல்ல பக்கமாக இருக்கட்டும்.

இதைக் கையாலேயே ஓட்டிக் காட்டுகிறேன். கீழே வருவது எடுத்துக்காட்டுக்காக நானே எளிமையாக்கிய ஒரு வருடம். அதே 60 சதுர மீற்றர் கூரை, அதே 40 லீற்றர். ஜனவரி முடிவில் 5,000 லீற்றர்த் தாங்கி நிறைந்திருக்கிறது. ஏப்பிரல் 15-இல் 40 மில்லிமீற்றர் சித்திரை மழை, அதன் பிறகு ஒக்டோபர் பிறக்கும்வரை மழை இல்லை. பெப்ரவரி முதலாம் திகதி தொடக்கம் ஏப்பிரல் 15 வரை 74 நாட்கள், 2,960 லீற்றர் போய் 2,040 மிஞ்சும். மழை 1,920 லீற்றரைத் தரும், இருப்பு 3,960. அது சரியாக 99 நாளுக்குக் காணும். ஜூலை 23-இல் தாங்கி வெறுமை. செப்டெம்பர் முடியும்வரை 69 நாட்கள் வெளியிலிருந்துதான் தண்ணீர்.

இப்போது ஒன்றை மட்டும் மாற்றுவோம். அதே 40 மில்லிமீற்றர் ஏப்பிரலில் பெய்யாமல் பெப்ரவரி 4-இல் பெய்கிறது. தாங்கியில் அப்போது குறைந்திருப்பது 120 லீற்றர்தான். மீதி 1,800 லீற்றரும் வழிந்துபோகும். தாங்கி ஜூன் 8-இல் வற்றிவிடும். வருட மழை மாறவில்லை, சராசரி மாறவில்லை, கூரையும் வீடும் மாறவில்லை. தண்ணீர் ஒன்றரை மாதம் முந்தித் தீர்ந்துவிட்டது. நாட்களின் வரிசைக்கு இவ்வளவு பலம் இருக்கிற இடத்தில் வரிசையை மறந்துவிடும் எந்தக் கணக்கையும் நம்பக்கூடாது. நாள் நாளாக ஓடவிடவேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

பெரிய தாங்கி வைத்தால்? 8,000 லீற்றர், சித்திரை மழையோடு: செப்டெம்பர் 30-இல் 240 லீற்றர் மிஞ்சும். தப்பிவிட்டோம், ஆனால் ஆறு நாள் மிச்சத்தோடுதான். சித்திரை மழை அடியோடு பொய்த்தால் அதே தாங்கி ஓகஸ்ட் 19-இல் வற்றும். 10,000 லீற்றர் என்றால் சித்திரை மழை இல்லாமலேயே ஒக்டோபர் 8 வரை போகும். ஐயாயிரத்திலிருந்து எண்ணாயிரத்துக்குப் போக எவ்வளவு செலவு, எத்தனை வெறும் நாட்கள் குறைகின்றன. எண்ணாயிரத்திலிருந்து பத்தாயிரத்துக்கு எவ்வளவு? இந்த இரண்டு கேள்விகளையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போதுதான் தீர்மானம் என்ற ஒன்று நடக்கிறது.

இதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. போலச்செய்தலில் தாங்கியை மட்டும் அல்ல, வீட்டின் பழக்கத்தையும் மாற்றிப் பார்க்கலாம். அதே 5,000 லீற்றர், அதே ஏப்பிரல் மழை. தாங்கி அரைவாசிக்குக் கீழே இறங்கிய நாள் முதல் நாளுக்கு 25 லீற்றர் மட்டும் எடுப்பது என்று ஒரு விதி சேர்க்கிறோம். அரிசி கழுவவும் மரக்கறி கழுவவும் கிணற்று நீர், குடிக்கவும் உலை வைக்கவும் மழைநீர். மழை வந்து அரைவாசிக்கு மேலே ஏறினால் மறுபடி 40. ஓடவிட்டால் தாங்கி செப்டெம்பர் 2 வரை போகிறது. ஜூலை 23 எங்கே, செப்டெம்பர் 2 எங்கே! ஒரு சதம் செலவில்லாமல் 41 நாட்கள். சராசரிக் கணக்கில் "இருந்தால் கூட எடுப்போம், குறைந்தால் சிக்கனமாக எடுப்போம்" என்பதை எழுத வழியே இல்லை. விரிதாளில் அது ஒரு நிபந்தனை, அவ்வளவுதான். குடத்தோடு நடக்கிறவர்கள் பெரும்பாலும் எங்கள் அம்மாக்களும் அக்காக்களும்தான். ஆகவே அந்த நிபந்தனையை எந்த மட்டத்தில் வைப்பது, எந்த வேலைக்கு எந்தத் தண்ணீர் என்று அவர்கள் சொல்லவேண்டும். கணினிக்கு முன் இருப்பவர் ஊகிக்கக்கூடாது.

நான் காட்டியது ஒரு கற்பனை வருடம். உண்மையில் செய்யும்போது குறைந்தது இருபது முப்பது வருட நாள் மழைப் பதிவு வேண்டும். வளிமண்டலவியல் திணைக்களத்தின் பதிவு கிடைத்தால் அதுவே முதல் தெரிவு. கிடைக்காவிட்டால் செய்மதித் தரவு இருக்கிறது. 1981 முதல் நாள் மழையைத் தரும் சேர்ப்ஸ் (CHIRPS) என்ற தொகுப்பை யாரும் இலவசமாக எடுக்கலாம், நாசா பவர் தளத்திலும் அதே காலத்துக்கு உண்டு. ஆனால் செய்மதித் தரவு ஒரு பரப்பின் மழையைச் சேர்த்துச் சொல்வது. நல்லூரில் கொட்டி நாவற்குழியில் தூறாத மழைகளை அது சமப்படுத்திவிடும். ஆகவே அதிலிருந்து வரும் விடையை ஓர் அளவு கூட்டி எடுப்பது நல்லது.

நான்காவது வழி, மழையையே எண்களால் உண்டாக்குவது. 1946-இல் நோயிலிருந்து தேறிக்கொண்டிருந்த கணிதவியலாளர் ஸ்டானிஸ்லாவ் உலாம் தனியே சீட்டு ஆடிக்கொண்டிருந்தபோது, ஓர் ஆட்டம் வெற்றியாகும் வாய்ப்பைச் சூத்திரத்தால் கண்டுபிடிக்க முயன்று அலுத்துப்போனார். பல தடவை ஆடிப் பார்த்து எண்ணிவிட்டால் என்ன என்று யோசித்தார். அதை இன்னொரு கணிதவியலாளரான ஜோன் வொன் நொய்மனோடு சேர்ந்து லொஸ் அலமோஸ் என்ற அமெரிக்க அணுவாயுத ஆய்வுகூடத்தில் நியூத்திரன்களின் கணக்குக்குப் பயன்படுத்தினார்கள். சூதாட்ட நகரமான மொன்டே கார்லோவின் பெயர் அந்த முறைக்கு நிலைத்தது. எங்கள் தாங்கிக்கும் இதைப் பயன்படுத்தலாம். ஆயிரம் கற்பனை வருடங்களை உண்டாக்கி, அவற்றில் எத்தனை வருடத்தில் தாங்கி வற்றுகிறது என்று எண்ணலாம். "பத்து வருடத்தில் எத்தனை வருடம் கஷ்டப்படத் தயார்?" என்று வீட்டாரிடம் கேட்க அது நல்ல மொழி.

இதில் ஒரு குழி இருக்கிறது. பழைய பதிவிலிருந்து நாட்களைத் தனித்தனியாகக் குலுக்கி எடுத்து அடுக்கினால் மாரி மழை வைகாசியில் வந்து விழும். மாதத்துக்குள் மட்டும் குலுக்கினாலும் போதாது. மழை நாளுக்கு அடுத்த நாளும் மழை வரும் வாய்ப்பு அதிகம், வறண்ட நாட்களும் கூட்டமாகத்தான் வரும். அந்தக் கூட்டத்தைக் கலைத்துவிட்டால் நீண்ட வறட்சிகள் காணாமற்போகும், சிறிய தாங்கியே போதும் என்று கணினி சொல்லும். பல வண்ண வரைபுகளோடு வருவதால் அந்தப் பொய்யை நம்புகிறவர்களும் அதிகம். நாட்களைக் குலுக்காமல் முழு வருடங்களை எடுத்து முன்பின்னாக அடுக்குவது பாதுகாப்பானது. இன்று மழையா இல்லையா என்பது நேற்றைப் பொறுத்தது என்று விதி எழுதி மழையை உண்டாக்குவது அதற்கு அடுத்த படி, அதைத் தெரிந்தவர் கூட இருந்தால் மட்டும். முப்பது வருடப் பதிவு கையில் உள்ள ஒரு வீட்டுக்கு இந்த வழி தேவையில்லை என்பது என் எண்ணம். பல பாடசாலைகளுக்கு ஒரேயடியாகத் திட்டம் போடுகிறவர்களுக்குத் தேவை.

கடைசி வழி, நிலத்தடி நீரையே கணினியில் கட்டும் பெரிய மாதிரி. அமெரிக்கப் புவியியல் அளவைத் திணைக்களம் இலவசமாகத் தரும் மொட்ஃப்ளோ (MODFLOW) என்ற மென்பொருள் இதில் பெயர்பெற்றது. பல்கலைக்கழகச் செயற்றிட்டங்களில் இதைத் தொட்டாற்தான் மதிப்பு என்று நினைக்கிற தம்பி தங்கைகள் இருக்கிறார்கள். தாங்கியின் அளவை அறிய அதைத் திறப்பது வீண். தாங்கிக்கு அயலவர் இல்லை, அது தன் கூரையை மட்டும் நம்பியிருக்கிறது. ஆனால் கேள்வி கிணற்றைப் பற்றியதாக மாறினால் என் பதிலும் மாறும். எங்கள் நன்னீர் கடல் நீருக்கு மேலே மிதக்கிறது. நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உப்பு நீருமாக இருப்பதை எல்லோரும் அறிவோம். கடல் மட்டத்துக்கு மேலே ஒரு மீற்றர் நன்னீர் நின்றால் கீழே ஏறக்குறைய 40 மீற்றர் நிற்கும் என்பது இலட்சிய நிலைமைக்கான கணக்கு. இரண்டு நீரின் அடர்த்தி வேறுபாட்டிலிருந்து வருவது. மேலே கொஞ்சம் இறைத்தால் கீழே உப்பு பலமடங்கு ஏறும். ஒரு தோட்டக்காரர் போடும் மோட்டரின் விளைவு அடுத்த காணிக் கிணற்றில் தெரியலாம். இதை ஒரு விரிதாள் வரிசையில் எழுத முடியாது, இறைத்துப் பார்த்துக் கற்கவும் கூடாது. உவரான கிணறு திரும்ப நல்ல தண்ணீராக எத்தனை மாரி பிடிக்கும் என்று யாரும் உறுதி தரமாட்டார்கள். அங்கே பெரிய மாதிரி நியாயமானது. ஆனால் அதற்குக் கிணறுகளின் நீர் மட்டமும் உப்பளவும் வருடக்கணக்கில் அளந்த பதிவாக இருக்கவேண்டும், கல்லுக்குள் இருக்கும் வெடிப்புகளும் குகைகளும் தெரிந்திருக்கவேண்டும். அளவீடு இல்லாத ஊருக்கு மாதிரி கட்டுவதற்கு முன் அளவீட்டைத் தொடங்குவதே வேலை.

ஆகவே யார் எதை எடுப்பது? ஒரு வீடென்றால் சராசரிக் கணக்கால் கூரை போதுமா என்று பார்த்துவிட்டு நேரே விரிதாளுக்குப் போகலாம். பாடசாலை என்றால் அதே விரிதாள், ஆனால் விடுமுறை நாட்களைத் தேவையிலிருந்து நீக்கவேண்டும். ஓகஸ்ட் விடுமுறை வறண்ட காலத்துக்குள் விழுவது பாடசாலைக்கு வாய்ப்பு. வீட்டுக்குப் போதாத தாங்கி அங்கே போதுமாகிவிடக்கூடும். வாடகை வீட்டில் இருப்பவர், எப்போது எழும்பவேண்டி வருமோ தெரியாதவர், கணக்கே பார்க்காமல் ஆயிரம் லீற்றர் பிளாஸ்ரிக் தாங்கி ஒன்றை வாங்கி வைக்கலாம். பிறகு இன்னொன்றைப் பக்கத்தில் இணைக்கலாம். மீட்கக்கூடிய முடிவுக்குப் போலச்செய்தல் அவசியமில்லை. சீமெந்தில் கட்டப்போகிறவர்கள் மட்டும் ஒரு மாலையை இதற்குக் கொடுக்காமல் கொத்தனாரைக் கூப்பிடவேண்டாம்.

தாங்கி கட்டி முடிந்த பிறகும் விரிதாளை அழித்துவிடாதீர்கள். அளவுக் கோடு போட்ட ஒரு தடியை மாதத்துக்கு ஒருமுறை தாங்கிக்குள் விட்டு மட்டத்தைக் குறித்து, பக்கத்து வரிசையில் எழுதிவாருங்கள். மழை பெய்யாத மாதத்தில் உண்மை மட்டம் கணக்கைவிட வேகமாக இறங்கினால், ஒன்றில் கசிவு, அல்லது வீட்டில் சொன்னதைவிடக் கூட எடுக்கிறார்கள். எது என்று அறிய, எல்லோரும் கோவிலுக்கோ உறவினர் வீட்டுக்கோ போயிருக்கிற இரண்டு நாளின் முன்னும் பின்னும் தடியை விட்டுப் பார்த்தால் தெரியும். மழை மாதத்தில் கணக்கு சொன்ன அளவு ஏறாவிட்டால் ஏணியை எடுத்துப் பீலியைப் பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தும் ஏறவில்லை என்றால் நாம் வைத்த எண்பது பங்கு உங்கள் கூரைக்குப் பொருந்தவில்லை. அந்த எண்ணைக் குறைத்து, முப்பது வருடத்தையும் மறுபடி ஓடவிடுங்கள்.